பாதி வட்டம்

திரவ நைட்ரஜனில் மூழ்கிக் கிடந்த கறுப்பு மீக்கடத்தி வில்லைக்குள் அடுக்கடுக்காகக் காந்தச் சுழல்கள் நின்றன. ஒரு மணி நேரம் அவை நகராமல் இருந்தால் மங்கையர்க்கரசியின் நான்கு வருட ஆராய்ச்சி தேறும். நகர்ந்தால் மீட்டர் முள் பூஜ்யத்தை விட்டு எழும்.

பார்ப்பவர் எழுதக் கூடாது என்பது அந்த ஆய்வுக்கூடத்தின் வழக்கம். மீட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நிமிடத்துக்கு ஒருமுறை அவள் சொல்லும் பூஜ்யத்தை எழுதிக்கொண்டிருந்தார் டெக்னீஷியன் அந்தோணிராஜ்.

“மூச்ச மெல்ல விடு தாயி, மெரண்டு ஓடிறப் போவுது.”

அவள் சிரிக்கவில்லை. ஐம்பத்தொன்பதாவது நிமிடத்தில் முள் மயிரிழை எழுந்து, அங்கேயே நின்றது.

“சொல்லு தாயி, பூஜ்யந்தானே?” கேட்டபடியே அவர் எழுத ஆரம்பித்திருந்தார்.

“அண்ணே…” என்றாள்.

பாதி வட்டத்தில் பேனா நின்றது.