விசிட்டிங் கார்டு மேனேஜர்

"குவார்ட்டர்ஸ் குடுப்பீங்களா சார்?"

கேள்வி கேட்க வேண்டியவன் இசக்கிமுத்து. கேட்டதோ, வேலைக்கு வந்த ஆள். பேர் அய்யாசாமி, முப்பத்தஞ்சு வயசு இருக்கும். சுரங்கக் கம்பெனியின் கம்ப்யூட்டர் செக்ஷனில் புரோகிராம் எழுதுகிறாராம். பேப்பர் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நெய்வேலி பஸ் ஸ்டாண்டு லாட்ஜுக்கு வந்து சேர்ந்த ஒரே ஆளும் அவர்தான்.

அவரை விட்டால் இசக்கிமுத்துவின் பாடு திண்டாட்டம். "ஒரு புரோகிராமரையாவது பிடிச்சுக்கிட்டு வா. இல்லேன்னா வேலை கன்ஃபர்ம் ஆகும்னு கனவு காணாதே" என்று சொல்லித்தான் மெட்ராஸிலிருந்து அவனுடைய கம்ப்யூட்டர் கம்பெனி முதலாளி அனுப்பியிருந்தார்.

"குவார்ட்டர்ஸ் இல்ல. வாடகைக்குத் தனியா அலவன்ஸ் உண்டு."

"வேலை பர்மனென்டா?"

இந்த ஊரில் கத்தரிக்காய் வாங்கினால்கூட பர்மனென்டா என்று கேட்டுத்தான் வாங்குவார்கள் போலிருக்கிறது. இசக்கிமுத்து டையைச் சரிசெய்துகொண்டான்.

"ஆறு மாசத்துல பர்மனென்ட். ஆனா ஏகப்பட்ட பேர் போட்டி போடுறாங்க. முடிவை லெட்டர் போட்டுத்தான் சொல்லுவோம்."

வந்தது ஒரே ஆளாக இருந்தாலும் கடைசியில் இப்படிச் சொல்லி அனுப்ப வேண்டும் என்பது முதலாளி சொல்லிக் கொடுத்த பாடம்.

இன்டர்வியூவைச் சட்டுபுட்டென்று முடிக்க வேண்டும். நாலு மணிக்கு இதே ஊரில் அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். அம்மாவும் மாமாவும் தென்காசியிலிருந்து நேரே பெண் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பெண்ணின் அப்பா பரமசிவம் சுரங்கத்தில் போர்மேன். பெண் பேர் விஜயகுமாரி. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து பையனுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். பாவம், டைகூட அதற்காக வாங்கியதுதான்.

"நீங்க கம்பெனியில என்ன போஸ்ட் சார்?"

"மேனேஜர்." விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினான்.

அய்யாசாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேனேஜருக்கே ராத்திரி எத்தனை மணிக்கு வீடு? ஆபீஸ்ல தண்ணி, சிகரெட்டுன்னு சகவாசம் எப்படி?"

அடேயப்பா, வேலைக்கு வந்தவரா, சி.ஐ.டி.யா! இருந்தாலும் ஆளை விட முடியுமா? "சேச்சே, அதெல்லாம் கிடையாது சார்" என்று பல்லைக் காட்டி வைத்தான்.

அய்யாசாமி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சார், கூடப்பொறந்தவனா நினைச்சு ஒரு உண்மை சொல்லுங்க. எங்க குடும்பத்தோட நல்லது கெட்டது இதுல இருக்கு. இந்தக் கம்பெனியை நம்பலாமா?"

இசக்கிமுத்து டையைத் தளர்த்திக்கொண்டான். பிள்ளைகுட்டிக்காரர். நம் பேச்சைக் கேட்டுப் பர்மனென்ட் வேலையை விட்டுவிட்டு நடுத்தெருவில் நின்றால், அந்தப் பாவம் யாருக்கு? முதலாளி கிடக்கிறார் போ!

"வராதீங்க சார்" என்று போட்டு உடைத்தான். "போன மாசச் சம்பளமே இன்னும் வரல. மேனேஜர்ங்கிறது கார்டுல மட்டும்தான். எனக்குக் கீழ ஒரு ஈ காக்கா கிடையாது. முதலாளிக்கு டீ வாங்கிட்டு வர்றதும் நான்தான். நானே பர்மனென்ட் இல்ல. உங்க செக்ஷன்ல ஏதாவது காலி இருந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, புண்ணியமாப் போகும்."

அய்யாசாமி வாய்விட்டுச் சிரித்தார். "வெளியில யாருக்கும் தெரியாதாக்கும்?"

"பெத்த அம்மாவுக்கே தெரியாது. சாயந்தரம் இங்கதான் பொண்ணு பார்க்கப் போறேன். அவங்ககிட்ட எங்க மாமா மேனேஜரு, பர்மனென்டு, கம்பெனி காருன்னு அளந்துவிட்டிருக்கார். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க!"

மனசுப் பாரம் இறங்கிய சந்தோஷத்தில் அவனும் சேர்ந்து சிரித்தான். எத்தனை நாளாயிற்று, ஒருத்தரிடம் உண்மை பேசி!

அய்யாசாமி எழுந்து கை கொடுத்தார். கதவு வரை போனவர் நின்று திரும்பினார்.

"நாலு மணிக்குக் கரெக்டா வந்துடுங்க மாப்ளே. தங்கச்சி விஜயகுமாரி காலையிலேருந்து பஜ்ஜி, சொஜ்ஜின்னு அடுப்படியே கதியாக் கிடக்கு, அவசியம் சாப்பிட்டுட்டுப் போங்க. முடிவை அப்பா லெட்டர் போட்டுச் சொல்லுவாரு."