பாதி டப்பா

"நோரீன், உங்க சிறுநீர்ல நிக்கோட்டின் இருக்கு. சிகரெட்டைத் தொட்டதே இல்லைன்னு சொன்னீங்களே?"

டாக்டர் தணிந்த குரலில்தான் கேட்டார். ஆனாலும் பக்கத்து நாற்காலியில் இருந்த மகள் டாராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா! நீயா?"

நோரீன் மடியில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். வெர்னன் தன் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்லை" என்றார் நோரீன்.

நுரையீரல் புற்றுநோயைச் சிறுநீரிலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று அமெரிக்காவில், கெண்டக்கி மாநிலத்தின் அந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி. புகைக்காதவர்களுக்கும் அந்த நோய் வருகிறதே, அதனால் கணவன் மனைவியாகக் கூப்பிட்டிருந்தார்கள். காலையில் எழுந்ததும் சிறுநீரைப் பிடித்து, டப்பாவில் பெயர்ச் சீட்டு ஒட்டி, கிளம்பும்வரை ஃப்ரிட்ஜில் வைத்துக் கொண்டுவர வேண்டும். "என்ன வெர்னன், இவ்வளவுதான் வந்துச்சா? பாதி டப்பாகூட இல்லையே!" என்று டப்பாவை வாங்கிய நர்ஸ் கிண்டல் பண்ணியதில் அவர் முகம் சிவந்துபோனது அன்றைக்கு.

"வெர்னன், உங்களுக்கு நிக்கோட்டின் சுத்தமா இல்லை. சிகரெட்டை நிஜமாவே விட்டுட்டீங்க" என்று தொடர்ந்த டாக்டர், கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா புற்றுநோய்க்கான அடையாளம் அதிகமா இருக்கு. உடனே ஸ்கேன் எடுக்கணும்."

டாரா வெடித்தாள்.

"அப்பா பேத்திக்காக விட்டாரு. நீ பக்கத்துலயே திருட்டுத்தனமா ஊதி அவருக்கு வர வச்சுட்டியா? சிகரெட் பிடிக்கிற கை என் குழந்தையைத் தொடக்கூடாதுன்னு அப்பாகிட்ட சொன்னேன்ல? உனக்கும் அதேதான்."

சொன்னதோடு நிற்கவில்லை. தூங்குகிற குழந்தையை நோரீன் மடியிலிருந்து வெடுக்கென்று எடுத்து வெர்னன் மடியில் வைத்தாள். வெர்னனும் வாங்கிக்கொண்டார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? சர்ச்சில் வெர்னனுக்காகப் பிரார்த்தனை நடந்தது. வீட்டுக்கு வீடு கோழியும் நூடுல்ஸும் வேகவைத்துத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தார்கள். "புருஷனை இப்படிப் பண்ணிட்டியே" என்று நோரீனுக்கு உபதேசமும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர் தட்டுகளைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார்.

ஸ்கேனில் வெர்னனுக்கு ஒன்றுமே இல்லை!

"சில சமயம் இந்தச் சோதனை தப்பாவும் காட்டும். அடுத்த சுற்றுல திரும்பப் பார்ப்போம்" என்றார் டாக்டர்.

சர்ச் கூடத்தில் கேக் வெட்டினார்கள். பேத்தியைத் தூக்கிக்கொண்டு நின்ற வெர்னனை ஊரே போட்டோ எடுத்தது. நோரீன் தூரத்தில் பேப்பர் தட்டுகளை அடுக்கியபடி இருமினார்.

"குழந்தை பக்கம் இருமாதே. ஊதறப்போ மட்டும் நல்லா இருந்துச்சா?" என்றாள் டாரா.

"விடும்மா" என்ற வெர்னன், குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்று வெளியே போனார். திரும்பி வந்தபோது வாயில் புதினா மிட்டாய் இருந்தது.

அடுத்த சுற்று வருவதற்கு முன்பே நோரீன் இருமலில் ரத்தம் வந்தது. நுரையீரலில் ஆரம்பித்த புற்றுநோய் எலும்புவரை போய்விட்டது என்றார்கள். முன்னமே தெரிந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாமாம்.

படுக்கைக்குப் பக்கத்தில் நின்றும் டாராவுக்குக் கோபம் ஆறவில்லை. "தானே தேடிக்கிட்டது. யாரைக் குத்தம் சொல்ல?"

வெர்னனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அவ ஒரு சிகரெட்கூடத் தொட்டதில்லை டாரா. நான்தான் விடவே இல்லை. சோதனையில தெரிஞ்சா நீ குழந்தையைக் காட்ட மாட்டியேன்னு பயந்து, ஃப்ரிட்ஜுல இருந்த டப்பா ரெண்டுலயும் பேரை மாத்தி ஒட்டிட்டேன்."

டாரா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ... அந்தப் புற்றுநோய் அடையாளம்?"

"அவளோடது."

"தெரிஞ்சும் கேக் தின்னியா? நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

"தப்பாவும் காட்டும்னு டாக்டரே சொன்னாரேன்னு..." வெர்னன் தலையைக் குனிந்துகொண்டார்.

டாரா அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"உனக்கும் தெரியுமாம்மா?"

"பாதி டப்பா என்னோடதுதான். நர்ஸ் உங்கப்பாவைக் கேலி பண்ணப்பவே புரிஞ்சுபோச்சு. அடுத்த சுற்றுல பார்த்துக்கலாம்னு இருந்துட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ஏம்மா சொல்லலை?"

நோரீன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

"சொல்லியிருந்தா, குழந்தையை உங்கப்பா மடியிலேருந்தும் எடுத்திருப்பே. என் மடியிலேருந்து எடுத்தப்போ எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தானே தெரியும்."