தூசி கழிக்காத படம்

"நீ சொன்னா சரிதான், லோர்னா," என்றான் வெர்லின்.

ஒரு வாரமாக இதே பதில். மேடிசன் பல்கலைக்கழக வானியல் துறையில் இருவரும் இருபது வருடமாகப் புற ஊதா நிறமாலைப் படங்களைப் பார்த்து வெப்ப நட்சத்திரங்களை வகை பிரிக்கிறார்கள். சண்டை போடாமல் ஒன்றைக்கூட முடித்ததில்லை.

"என்ன, சண்டை அலுத்துப்போச்சா?"

"ஜெயிச்சிட்டல்ல, சந்தோஷப்படேன்."

அவள் கடைசிப் படத்தை நீட்டினாள். "இது?"

"ஆறிப்போன நட்சத்திரம். உனக்கு என்ன தோணுது?"

அது கொதிக்கிற நட்சத்திரம்; அப்படி என்று முன்பு கண்டுபிடித்தவனே வெர்லின்தான். ஒளி வரும் வழியில் கிடக்கும் விண்வெளித் தூசி அதை ஆறியதாகக் காட்டும். தூசியின் விளைவைக் கணக்குப் போட்டுக் கழிக்காத படம் மேசைக்கு வந்தாலே கத்துவான். இன்று அவனைச் சோதிக்க அவள் வேண்டுமென்றே அப்படி ஒரு படத்தைத்தான் நீட்டியிருந்தாள்.

வாரம் முழுக்க அவன் தன் மறதியை மறைத்திருக்கிறான்.

"என்ன, தப்பா?" அவன் கண்ணில் பயம் தெரிந்தது.

"நீ சொன்னா சரிதான்," என்றாள் லோர்னா.