வெயில் படாத எழுத்து

தேய்க்கத் தேய்க்க அந்தச் சொல் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. மார்லிஸ் சோப்பு நுரையைத் துணியால் வழித்துவிட்டு, காரின் முன்கதவை மறுபடி பார்த்தாள். ‘ஷெரிஃப்’. ஸ்டிக்கரை உரித்து ஒரு வாரமாகியும் அது போவதாக இல்லை.

மாவட்டப் போலீஸ் கழித்து ஏலம் விட்ட நீல நிறக் கார் அது. துணை ஷெரிஃபாக இருந்த காலமெல்லாம் அவள் ஓட்டிய அதே கார். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக, மாவட்டப் போலீஸுக்கே தலைவரான ஷெரிஃப் ராட்லிஃபின் மைத்துனனைப் பிடித்து இதில்தான் ஏற்றினாள். மறுவாரமே அவளுக்கு வேலை போயிற்று. கார் ஏலத்துக்கு வந்தபோது இருந்த சேமிப்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள். தூக்கிய கையைக் கடைசிவரை இறக்கவில்லை.

“பெட்ரோல் போட்டுத் தொடைச்சேன், ஆர்லோ. பாலிஷ் போட்டேன். கரையவே மாட்டேங்குது. என்ன பசை இது?”

பட்டறைக்காரர் ஆர்லோ கட்டைவிரலால் கதவைத் தடவிப் பார்த்தார். இந்த மாதிரிக் கேள்வி கிடைத்தால் அவருக்குச் சாப்பாடுகூட வேண்டாம்.

“பசை எப்பவோ போயிடுச்சும்மா. இது வெயில் பண்ணின வேலை. இத்தனை வருஷம் கான்சஸ் வெயில் அடிச்சதுல, சுத்தி இருக்கிற நீலமெல்லாம் வெளுத்துப்போச்சு. ஸ்டிக்கருக்கு அடியில வெயில் படலையா, அங்க மட்டும் பெயின்ட் புதுசாவே இருக்கு. வாட்சைக் கழட்டினா மணிக்கட்டுல ஒரு தடம் தெரியுமே, அப்படித்தான். நீ அழுக்கை எடுக்க எடுக்க அது இன்னும் நல்லாத்தான் தெரியும்.”

“அப்ப கெட்டுப்போனது கதவு. எழுத்து நல்லாத்தான் இருக்கு.”

“அதேதான்!” என்று ஆர்லோ சிரித்தார்.

வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. ராட்லிஃப் இறங்கினார். ஊரில் பாதி வீட்டுப் புல்வெளிகளில் பல்லைக் காட்டி நிற்கும் அதே முகம் அச்சடித்த தேர்தல் தட்டி ஒன்றைப் பின்னாலிருந்து உருவி, ஆர்லோவிடம் நீட்டினார்.

“வாசல்ல நட்டுடு, ஆர்லோ.” பிறகு காரின் பக்கம் திரும்பினார். “என்ன மார்லிஸ், பழைய நெனப்பா? விளையாட ஒரு பொம்மைத் துப்பாக்கியும் வாங்கித் தரட்டுமா?”

“அது வேணாம். உங்க மைத்துனர் வாந்தி எடுத்த பின்சீட்டு இன்னும் நாறுது. தொடைக்க ஒரு ஆள் அனுப்புங்க, போதும்.”

ராட்லிஃபின் காது சிவந்தது. “சொந்த வண்டியில ஷெரிஃப்னு போட்டுக்கிட்டு ஊர் சுத்தினா குத்தம். உனக்கு நான் சட்டம் சொல்லித்தர வேண்டியதில்ல. திங்கக்கிழமை மதியம் வரைக்கும் பாப்பேன். அப்புறம் ஒரு எழுத்து தெரிஞ்சாலும் வண்டி என் கொட்டடிக்கு வந்துடும். திரும்ப வெளிய வராது.”

ஜீப் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. ஆர்லோ தட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

“வண்டியை விட்டுட்டுப் போ. கதவை உரசிப் புதுசா பெயின்ட் அடிச்சுத் தர்றேன். காசுகூட வேணாம். அந்த ஆளை எதிர்த்து நிக்க இந்த ஊர்ல யாரும் கிடையாதும்மா.”

“கதவைத் தொட்டுடாதீங்க.” மார்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டாள். “மாவட்ட ஆபீஸ் மூடுறதுக்குள்ள எனக்கு அங்க ஒரு வேலை இருக்கு.”

தவணை கேட்டுக் கெஞ்சத்தான் போகிறாள் என்று ஆர்லோ நினைத்துக்கொண்டார். பாவமாக இருந்தது. திரும்பி வந்தவள் ஒரு டப்பா மஞ்சள் பெயின்டும் பிரஷும் கேட்டாள்.

“அது மேல பூசி மறைக்கப் போறியா? ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி இருக்குமே!”

“இருந்துட்டுப் போகட்டும்.”

திங்கட்கிழமை மதியம் கார் ஊர் நடுவே, உணவுக்கடை வாசலில் நின்றது. கோதுமை லாரிக்குப் போர்த்தும் தார்ப்பாய் ஒன்று அதை முழுக்க மூடியிருந்தது. வண்டியை இழுத்துப்போகும் லாரியோடு ராட்லிஃப் வந்து இறங்கியதும், உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் காப்பிக் கோப்பையும் கையுமாக வெளியே வந்தார்கள்.

“வீட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சிருப்பேன்னு நெனச்சேன்” என்றார் ராட்லிஃப். “துணியைப் போட்டு மூடினா எழுத்து அழிஞ்சிடுமா?”

“நான் எதையும் அழிக்கல.”

“கேட்டுக்கங்கப்பா, எல்லாரும் சாட்சி!” என்று கூவியபடி அவரே தார்ப்பாயின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

நீலக் கதவில் ‘ஷெரிஃப்’ அப்படியே இருந்தது. அதற்கு மேலே, மஞ்சள் பெயின்டில், சாண் உயர எழுத்தில் ஒரு வரி. கூட்டம் அதைப் படித்தது. யாரோ விசில் அடித்தார்கள். ஆர்லோ முன்னால் வந்து படித்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“ஏன்டா நிக்கிற? வண்டியை மாட்டு!” என்று ராட்லிஃப் கத்தினார். லாரிக்காரன் கதவைப் பார்த்தான், மார்லிஸைப் பார்த்தான். சங்கிலியைக் கீழே போட்டுவிட்டான்.

மார்லிஸ் காரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

“ஷெரிஃப் தேர்தல்ல உங்களை எதிர்த்து நானும் நிக்கிறேன், ராட்லிஃப். அன்னிக்கே மாவட்ட ஆபீஸ்ல மனு குடுத்தாச்சு. எழுத்து போகலை, அதான் அதுக்கு மேல என் பேரை எழுதி ஓட்டுக் கேட்டிருக்கேன்.”