சிலுப்பியின் மணி

ஒரு ஆடும் உள்ளே கால் வைக்கவில்லை.

இரும்புக் கேட் அகலத் திறந்து கிடந்தது. உள்ளே முழங்காலளவு புல். அதற்கு மேலே வரிசை வரிசையாகச் சோலார் பலகைகள், கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும்.

வெளியே அவளும் அவளுடைய அறுபது செம்மறிகளும்.

மூன்று மாதம் நடையாய் நடந்து வாங்கிய அனுமதி. புல் வளர்ந்தால் பலகைக்கு வெயில் மறைகிறது. மெஷின் வைத்து வெட்டினால் கல் தெறித்துக் கண்ணாடி உடைகிறது. "எங்க ஆட்ட விட்டுப் பாருங்க சார். ஒரே வாரத்துல தரை தெரியும்" என்று அடித்துச் சொல்லியிருந்தாள்.

இன்ஜினியர் ஒரு நிபந்தனை போட்டார். வெள்ளாடு கூடாது. பலகை மேல் ஏறிவிடும்.

இன்று சரியாக நடந்தால் வருஷம் முழுக்க மேய்ச்சல் அவளுக்கு. இல்லையென்றால் மந்தையை விற்க வேண்டியதுதான். சுற்றுவட்டாரத்தில் மேய வேறு காடு மிச்சமில்லை.

நிபந்தனைக்குச் சரியென்று தலையாட்டியவள் ஒன்றை மறந்துவிட்டாள்.

மந்தைக்கு முன்னால் போவது எப்போதும் சிலுப்பி. சிலுப்பி வெள்ளாடு. மணி குலுங்க அது நடந்தால்தான் செம்மறிகள் பின்னால் நடக்கும். அதை ரோட்டோரம் ஒரு வேலிக்கருவையில் கட்டிப் போட்டிருந்தாள். அறுபது தலைகளும் அந்தப் பக்கமே திரும்பி நின்றன.

இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கேட் காவலுக்கு நின்ற கொம்பையா அவள் ஊர்க்காரன். அவனுக்குத்தான் பதற்றம். "என்ன மதினி, மானத்த வாங்குதியளே!"

"சும்மா இரும், கொழுந்தனாரே."

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. இருபது வருஷம் ஆடு மேய்த்தவள், ஆட்டிடம் போய்த் தோற்பதா?

சிலுப்பியிடம் போனாள். மணியை அவிழ்த்தாள்.

தன் கழுத்தில் கட்டிக்கொண்டாள்.

கொம்பையா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரிக்கட்டும். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்குள் நடந்தாள்.

முதலில் ஒரு கிடாய் வந்தது. பிறகு இரண்டு. பிறகு மொத்த மந்தையும் முண்டியடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தது.

இரண்டு வரிசைகளுக்கு நடுவே நேராகப் போனாள். அவளுடைய நாலு ஏக்கரும் இதற்குள்தான் இருந்தது. உளுந்தும் சோளமும் விளைந்த கரிசல். விற்று ஐந்து வருஷமாகிறது. பள்ளம், மேடு, வரப்பு எல்லாவற்றையும் புல்டோசர் விட்டு நிரவிவிட்டார்கள்.

பாதித் தூரத்தில் சட்டென்று நின்றாள். இடப்பக்கப் பலகைக்கு அடியில் குனிந்து புகுந்தாள். அரைவட்டமாகச் சுற்றி, சற்றுத் தள்ளி அதே பாதைக்கு வந்து, மறுபடி நேராக நடந்தாள்.

செம்மறிகளும் அப்படியே புகுந்து, சுற்றி, வந்தன.

"எதுக்கு இப்படிச் சுத்திப் போறாங்க?" இன்ஜினியர் எட்டிப் பார்த்தார். "நடுவுல ஒண்ணுமே இல்லையே."

கொம்பையாவின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"அங்ஙன அவுக கெணறு கெடக்குல்லா சார்."