உள்பக்கம் திருப்பிய பேனர்

நாலு மணி வெயில் வாசலைப் பார்த்த ஜன்னலில் சாய்ந்து விழுகிறது. அறைக்குள் கட்டிலில் ஜூடு உட்கார்ந்திருக்கிறான். வெளியே அவன் அண்ணன் அருளானந்து ஜன்னல் கம்பிகளோடு ஒரு பிளெக்ஸ் பேனரைச் சேர்த்துக் கட்டுகிறான். போன ஞாயிறு மாதா கோயில் மண்டபத்தில் நடந்த மனநல விழிப்புணர்வுக் கூட்டத்தின் பேனர் அது. எழுத்து தெரிந்தால் வருகிறவர்கள் என்ன ஏதென்று கேட்பார்களாம். அச்சடித்த பக்கத்தை அறைக்குள் பார்க்கத் திருப்பியிருக்கிறான். "தங்கச்சி எஸ்தரப் பாக்க மாப்ள வீட்டுக்காரவுக வாராகடா. அவுக போற வரைக்கும் சத்தங்காட்டாம இரு, என்ன?" ஜூடு தலையாட்டுகிறான். மனநோய் மாத்திரையில் உலர்ந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. சற்று நேரத்தில் கதவுக்கு வெளியே பூட்டு விழுகிறது. வெயில் ஊடுருவிய பேனரால் அறை முழுக்க நீல வெளிச்சம். 'மறைக்காதீர்கள், மனம்விட்டுப் பேசுங்கள்' என்கின்றன முழ நீள எழுத்துகள். ஓரத்தில் மைக்கைப் பிடித்தபடி சிறப்புப் பேச்சாளர், ஆசிரியர் அருளானந்து சிரிக்கிறார். கூடத்தில் காபித் தம்ளர்கள் கலகலக்கின்றன. கேசரியின் நெய் வாசம் கதவிடுக்கில் நுழைகிறது. "பொண்ணுக்குக் கூடப்பொறந்தவுக எத்தன பேரு?" என்று ஒரு பெண்குரல் விசாரிக்கிறது. "நான் ஒருத்தன்தேன்" என்கிறது அண்ணனின் குரல், கொஞ்சமும் தடுமாறாமல். ஜூடுவுக்கு இருமல் முட்டிக்கொண்டு வருகிறது. தலையணையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டு, பேனரில் சிரிக்கிற அண்ணனையே பார்க்கிறான்.