மெர்வின் மோட்டார்

"ஓடி வாடி ட்ரிஷ்! ஆள் கையும் களவுமா மாட்டிக்கிட்டான்!"

நொரீன் போட்ட சத்தத்தில், ட்ரிஷ் தண்ணீர் சோதிக்கும் மீட்டரை மடுவுக்குள்ளேயே நழுவவிடப் பார்த்தாள்.

புதருக்குப் பின்னால் ஒரு டீசல் மோட்டார் தடதடத்துக்கொண்டிருந்தது. அதன் குழாய் ஓடையின் மடுவுக்குள் இறங்கியிருந்தது.

"பக்கத்து நிலத்துக்கார மெர்வோட மோட்டார்தான்! பிப்ரவரி வெயில்ல ஓடையே குட்டை குட்டையா கிடக்கு. இதையும் உறிஞ்சுறானே பாவி!"

மாதாமாதம் இந்த ஓடைத் தண்ணீரைச் சோதிப்பது இவர்கள் குழுவின் வேலை. குளிர்காலத்தில் கண்ணாடி மாதிரி ஓடும். வசந்த மழைக்குக் காப்பி நிறத்தில் புரண்டு வரும். டிசம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை நீளும் இந்த ஊர்க் கோடையில்தான் ஆபத்து. தேங்கி, சூடேறி, பச்சைப் பாசி பிடித்து, மீன்கள் மூச்சுவிடவும் ஆக்சிஜன் இருக்காது. விடியற்காலையில்தான் இது மிக மோசம்; வெயில் ஏறினால் பாசியே மறுபடி ஆக்சிஜன் விடும். கீழே இரண்டு மடுக்களில் இன்று காலை மீன்கள் செத்து மிதந்தன.

"இங்க ஆக்சிஜன் எவ்வளவுடி காட்டுது?"

"ஆறு! நொரீன், ஆறுக்கு மேல! கீழே ரெண்டுகூடத் தேறல!"

இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

"நாம நட்ட மரம்டி! நிழல் வேலை செய்யுது! டிவிக்காரங்களைக் கூப்பிடணும்!"

"முதல்ல இவனை ஒரு வழி பண்ணுவோம்" என்று நொரீன் மோட்டாரை அணைத்தாள்.

மேட்டிலிருந்து மெர்வ் டீசல் கேனோடு ஓடி வந்தார். தூக்கமில்லாமல் கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நிறுத்தாதே நொரீன்! வெயில் நல்லா ஏறட்டும்!"

"ஏன், உன் மாட்டுக்குத் தாகம் தீரலையா?"

"மாடெல்லாம் போன மாசமே வித்தாச்சு."

"அப்போ புல்லுக்குப் பாய்ச்சுறியா?"

"என் நிலத்துல புல்லைப் பாத்தியா நீ? நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"ஊருக்கே சொல்லு! தண்ணி எங்க போகுதுன்னு எல்லாரும் பாக்கட்டும்!"

நொரீன் போனில் படம் பிடித்துக்கொண்டே குழாயைத் தொடர்ந்தாள். ட்ரிஷ் பின்னால் ஓடினாள். குழாய் கரையேறி, யூகலிப்டஸ் மரத்தைச் சுற்றி, ஒரு பாறை மேல் ஏறியது. அங்கே அதன் வாய் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். இறைத்த தண்ணீர் காற்றோடு கலந்து, மழை மாதிரி மறுபடி அதே மடுவில் விழும்படி கட்டி வைத்திருந்தார் மெர்வ்.

இப்போது அதில் சொட்டுத்தான் விழுந்துகொண்டிருந்தது.

கீழே, பாறையடியில், மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

நொரீன் போனை அப்படியே தரையில் எறிந்துவிட்டு, வந்த வழியே ஓடினாள்.

"மெர்வ்! மோட்டாரைப் போடுய்யா! சீக்கிரம் போடு!"